ஒரே தெரு, இரண்டு குழாய்கள்: ஹாம்பர்க்கில் ஒரு அரை நாள் நடை

வழக்கமா நம்ம எபிசோடை பஸ்ல, சமையலறையில, ஜிம்ல கேட்கிறவங்கதான் அதிகம். இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் வேற மாதிரி. இது ஒரு நடை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு என்றைக்காவது போனால், கைடு யாரும் இல்லாமல், காதில் இதைப் போட்டுக்கொண்டு நீங்களே நடந்து முடிக்கலாம். போகாதவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூட வாங்க. செருப்பு தேயாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் ஹாம்பர்க்கில் இருந்தேன். முதல் சனிக்கிழமை எல்லாரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். இரண்டாவது சனிக்கிழமை நகர மன்றத்தின் முற்றத்தில் ஒரு நீரூற்று கண்ணில் பட்டது. நடுவில் ஒரு பெண் சிலை. சுற்றி நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஒன்று எடுத்தேன். அது எதற்காக வைத்த நீரூற்று என்று ராத்திரி அறைக்கு வந்து படித்த பிறகு, அந்த போட்டோவை போனிலிருந்து அழித்துவிட்டேன். மூன்றாவது சனிக்கிழமை, அந்த நீரூற்றுக்குப் பின்னால் இருக்கும் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாதை போட்டு நடந்தேன். அந்தப் பாதைதான் இன்றைய எபிசோடு.

கிளம்புமுன் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹாம்பர்க் கடற்கரையில் இல்லை. எல்பே நதியில், வடகடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்றமும் வற்றமும் இந்த ஊர் வரை வரும். ஆறு தினமும் இரண்டு தடவை பின்னோக்கியும் ஓடும். இதை மனசுல வச்சுக்கோங்க. கதையில் இதுக்குப் பெரிய வேலை இருக்கு.

இன்னொன்று, இது ராஜாக்களின் ஊர் இல்லை. வணிகர்கள் தாங்களே ஆண்டுகொண்ட ஊர். லூபெக், பிரேமன் போலவே ஹன்சா என்ற பழைய வணிகக் கூட்டணியின் நகரம். இன்றைக்கும் இந்த ஊர்க் காரின் நம்பர் பிளேட்டில் இருக்கும் இரண்டு ‘எச்’ எழுத்துகளுக்கு ‘ஹன்சா நகரம் ஹாம்பர்க்’ என்றுதான் விரிவு. 1189 மே 7-ல் பேரரசர் பார்பரோஸா சுங்க விலக்கு கொடுத்தார் என்று சொல்லி, வருஷா வருஷம் துறைமுகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். அந்தச் சாசனம் பிற்காலத்தில் தயாரித்த போலி என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதனால் என்ன, திருவிழா நடக்கிறது. வரிவிலக்கை நகரத்தின் பிறந்தநாளாக வைத்திருக்கிற ஊர். அது எப்படி யோசிக்கும் என்பதற்கு இதுவே போதும்.

முதல் நிறுத்தம்: டைஷ்ஸ்ட்ராஸே

மெட்ரோவில் பௌம்வால் நிலையத்தில் இறங்குங்க. தூரத்தில் அலை மாதிரி கண்ணாடிக் கூரையோடு ஒரு கட்டடம் தெரியும். எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கம், 2017-ல் திறந்தது. ஒரு பழைய கோகோ கிடங்கின் தலையில் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடங்க. சில நிமிஷத்தில் டைஷ்ஸ்ட்ராஸே வந்துவிடும். ‘கரைத்தெரு’ என்று சொல்லலாம்.

ஒடுக்கமான, உயரமான பழைய வணிகர் வீடுகள். முன்வாசல் தெருவில், பின்வாசல் கால்வாயில். படகில் வந்த சரக்கைப் பின்பக்கமாகவே கப்பி வைத்து மேல்மாடிக்குத் தூக்கிவிடுவார்கள். வீடு, ஆபீஸ், குடோன் மூன்றும் ஒரே கூரையின் கீழ். இந்தக் கால்வாய்களுக்கு இங்கே ‘ஃப்ளீட்’ என்று பெயர். சரக்கு வந்த அதே ஃப்ளீட்டில்தான் வீட்டுக் கழிவும் போனது.

1842 மே 5 அதிகாலை, இந்தத் தெருவில் நெருப்பு பிடித்தது. மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. 51 பேர் இறந்தார்கள், சுமார் 1,700 கட்டடங்கள் போயின, 20,000 பேர் வீடிழந்தார்கள். தீ பரவாமல் தடுக்க, பழைய நகர மன்றக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்படியும் தீ நிற்கவில்லை. நீங்கள் இப்போது நிற்கும் பகுதி தப்பியதற்குக் காரணம் காற்று வேறு பக்கம் அடித்ததுதான்.

அந்த மே 7-ஆம் தேதி ஹாம்பர்க்கின் முதல் ரயில் பாதைக்குத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். விழா ரத்து. ஆனால் ரயில் ஓடியது. வீடிழந்தவர்களை வெளியே கொண்டுபோவதுதான் அதன் முதல் வேலை. அந்தப் பாதையைப் போட்ட ஆங்கிலேய இன்ஜினியர் வில்லியம் லிண்ட்லியிடம், எரிந்த நகரத்துக்குச் சாக்கடையும் குடிநீரும் அமைக்கும் பொறுப்பு வந்தது. லிண்ட்லி நல்ல வேலைதான் செய்தார். தரைக்கடியில் திட்டமிட்ட கழிவுநீர்க் குழாய்கள், 1848-ல் நகரத்துக்குக் கிழக்கே ரோட்டன்பர்க்ஸோர்ட்டில் நீரேற்று நிலையம். எல்பே நீரை எடுத்து, தொட்டியில் தெளிய வைத்து, குழாயில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் பல ஊர்கள் பொறாமையோடு பார்த்த ஏற்பாடு.

ஒரே ஒரு விஷயம்தான் இல்லை. வடிகட்டி. தெளிய வைத்ததோடு சரி.

இரண்டாவது நிறுத்தம்: நிக்கோலாய் கோபுரம்

டைஷ்ஸ்ட்ராஸேயின் வடக்கு முனைக்கு வந்து பெரிய சாலையைக் கடந்தால், கரிபிடித்த ஒரு கோபுரம் தனியாக நிற்கும். பக்கத்தில் தேவாலயம் இல்லை, வெறும் சுவர்கள்தான். 1842 தீயில் பழைய நிக்கோலாய் தேவாலயம் எரிந்த பிறகு புதிதாகக் கட்டியது இது. 1874-ல் முடிந்தபோது 147 மீட்டர் உயரம். இரண்டு வருஷம் உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான்.

1943 ஜூலை கடைசியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஹாம்பர்க்கைக் குண்டுவீசித் தாக்கியபோது, விமானிகளுக்குக் குறி பார்க்க உதவிய அடையாளம் இந்தக் கோபுரம். ஜூலை 27 இரவு கிழக்கே தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிகளில் தீப்புயல் எழுந்தது. அந்தப் பத்து நாள் தாக்குதலில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று இது நினைவிடம். லிஃப்ட்டில் மேலே போகலாம்.

மேலே போனால் தெற்கே பாருங்க. தண்ணீருக்கு நடுவில் வரிசை வரிசையாகச் செங்கல் கட்டடங்கள் தெரியும். அடுத்து அங்கேதான் போகிறோம்.

மூன்றாவது நிறுத்தம்: ஷ்பைஷர்ஷ்டாட், கிடங்கு நகரம்

புரூக்ஸ்புரூக்க என்ற பாலத்தின் வழியாக உள்ளே போங்க. இரண்டு பக்கமும் ஏழெட்டு மாடிச் செங்கல் கிடங்குகள், அடியில் கால்வாய், உச்சியில் சரக்கு தூக்கும் கப்பிகள். காபி, கோகோ, தேயிலை, மிளகு, ஏலக்காய், கம்பளம் எல்லாம் இங்கே குவிந்தன. 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாயங்கால வெயிலில் அந்தச் செங்கல் சிவக்கும்போது பார்க்கணும். சொன்னா புரியாது.

இது எப்படி வந்தது? 1871-ல் ஜெர்மனி ஒரே நாடானபோதும் ஹாம்பர்க் சுங்க எல்லைக்கு வெளியே தனியாக நின்றது. பிஸ்மார்க் விடவில்லை. நீண்ட பேரம் நடந்து, ஒரு சமரசம் வந்தது: நகரம் சுங்க எல்லைக்குள் வந்துவிடும், ஆனால் துறைமுகத்தில் ஒரு பகுதி மட்டும் சுங்கம் இல்லாத மண்டலமாக இருக்கும். அங்கே சரக்கை வரி கட்டாமல் இறக்கலாம், வைக்கலாம், பதப்படுத்தலாம், மறுபடி ஏற்றலாம். கட்டுமானச் செலவில் 40 மில்லியன் மார்க் பேரரசு கொடுத்தது.

1883-ல் வேலை தொடங்கியது. 1888 அக்டோபரில் நகரம் சுங்க எல்லைக்குள் வந்தது. அக்டோபர் 29-ல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து, நீங்கள் இப்போது கடந்த இதே பாலத்தில் நிறைவுக் கல்லை வைத்தார். சேற்று நிலத்தில் ஆயிரக்கணக்கான மரத்தூண்களை இறக்கி, அதன் மேல் இத்தனை பெரிய கட்டடங்கள். முதல் கட்டம் வெறும் ஐந்து வருஷத்தில் முடிந்துவிட்டது. தலைமை இன்ஜினியர் பெயர் ஃபிரான்ஸ் ஆந்திரேயாஸ் மேயர். இந்தப் பெயரை மறந்துடாதீங்க, திரும்ப வருவார்.

இப்போ மேலே பார்ப்பதை நிறுத்திட்டு தெருப் பலகைகளைப் பாருங்க. ‘ஆல்ட்டர் வாண்ட்ராம்’ என்று ஒன்று. மேற்கே போனால் ‘கேர்வீடர்’ என்று ஒன்று. இவை தெருப் பெயர்கள் மட்டும் இல்லை. கிடங்குகள் வருவதற்கு முன்னால் இங்கே இருந்த குடியிருப்புகளின் பெயர்கள். வாண்ட்ராமில் வசதியான வணிகர்களின் வீடுகள். கேர்வீடரில் துறைமுகக் கூலிகளும் படகோட்டிகளும் அடுக்கி வைத்த மாதிரி வாழ்ந்தார்கள். மொத்தம் சுமார் 20,000 பேர். கட்டுமானத்துக்காக அத்தனை வீடுகளையும் இடித்து அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள்.

ஜெர்மன் மொழியில் ‘கேர்வீடர்’ என்றால் ‘திரும்பி வா’ என்று அர்த்தம். யாரும் திரும்பி வரவில்லை. சுங்கமில்லா மண்டலத்துக்குள் குடியிருக்கவே அனுமதி கிடையாது.

எங்கே போனார்கள்? வசதியானவர்கள் புறநகரில் தோட்டம் வைத்த வீடுகளுக்குப் போனார்கள். கூலிகளில் ஒரு பகுதியினர் கிழக்கே ஹாமர்புரோக், பார்ம்பெக் மாதிரி புதிய தொழிலாளர் பகுதிகளுக்குப் போனார்கள். ஆனால் பலரால் தூரம் போக முடியவில்லை. துறைமுகத்தில் வேலை நாள் கணக்கில்தான் கிடைக்கும். விடியற்காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நிற்காவிட்டால் அன்றைக்குச் சோறு இல்லை. அதனால் நடந்து வரும் தூரத்திலேயே, ஏற்கெனவே நிரம்பி வழிந்த சந்துகளுக்குள் இன்னும் நெருக்கிக்கொண்டு புகுந்தார்கள். அந்தச் சந்துகளுக்கு ‘கெங்கஃபியர்டல்’ என்று பெயர். அங்கேயும் போகப் போறோம்.

நான்காவது நிறுத்தம்: நகர மன்றத்தின் முற்றம்

கிடங்கு நகரத்தின் கிழக்குக் கோடியிலிருந்து வடக்கே திரும்பினால் மெஸ்பெர்க் வரும். அங்கே சிலி ஹவுஸ் என்று கப்பல் மூக்கு மாதிரி கூராக ஒரு செங்கல் கட்டடம், 1924-ல் முடிந்தது. சிலி நாட்டு வெடியுப்பு வியாபாரத்தில் வந்த பணம். அதைத் தாண்டி மன்க்கபெர்க்ஸ்ட்ராஸே என்ற கடைவீதி வழியாக மேற்கே நடந்தால் நகர மன்றம். 1842-ல் பழையதைத் தகர்த்தார்கள் இல்லையா, இந்தப் புதியது திறந்தது 1897-ல். உள்ளே 647 அறைகள் இருக்கின்றன.

வாசல் மண்டபத்தைக் கடந்து உள்முற்றத்துக்குப் போங்க. நான் சொன்ன நீரூற்று இங்கேதான். உச்சியில் நிற்கும் பெண் ஹைகியா, கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவதை. காலடியில் ஒரு டிராகன். 1892-ல் காலராவில் இறந்தவர்களின் நினைவாக வைத்தது இது.

நம்ம பாட்டிகள் ‘வாந்திபேதி’ என்று சொல்வார்களே, அதுதான். 1892 ஆகஸ்ட் நடுவில் முதல் நோயாளிகள். அடுத்த இரண்டரை மாதத்தில் கிட்டத்தட்ட 17,000 பேருக்குத் தொற்று. 8,605 பேர் இறந்தார்கள். ஊரின் மக்கள்தொகை அப்போது 640,000. அந்த வருஷம் மேற்கு ஐரோப்பாவின் வேறெந்தப் பெரிய நகரத்திலும் காலரா இப்படி ஆடவில்லை.

காரணம் தண்ணீர். அந்த ஆகஸ்டில் கடும் வெயில், ஆற்றில் நீர்மட்டம் குறைவு. கடல் ஏற்றத்தின்போது துறைமுகத்துக் கழிவு பின்னோக்கி மேலேறி, நகரம் தண்ணீர் எடுக்கும் இடம் வரை வந்தது. அங்கே வடிகட்டி இல்லை. கிருமி நேராகக் குழாய்க்குள், குழாயிலிருந்து சமையலறைக்குள்.

வடிகட்டி இல்லாதது யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லவே இல்லை. குழாயில் புழு வரும், நத்தை வரும், சில நேரம் விலாங்கு மீனே வரும். 1880-களில் கார்ல் கிரேபலின் என்ற விலங்கியலாளர் ‘ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களில் வாழும் உயிரினங்கள்’ பற்றித் தனி ஆய்வே எழுதிவிட்டார். மணல் வடிகட்டி வேண்டுமா என்று நகர மன்றம் வருஷக்கணக்கில் விவாதித்தது. மன்றத்தில் பாதி இடம் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் நகரப் பெரியவர்களுக்கும் ஒதுக்கீடு. ஓட்டுரிமையும் பணம் கட்டிக் குடியுரிமை வாங்கிய சிறு கூட்டத்துக்கு மட்டும்தான். செலவு யார் தலையில் என்று இழுபறி. 1890-ல்தான் ஒருவழியாகத் தீர்மானம் வந்தது. எல்பே நடுவில் கால்டஹோஃப தீவில் வடிகட்டி வேலை தொடங்கியது. அது முடிவதற்குள் காலரா வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்லலாம். ஆனால் இங்கே வெண்ணெய் திரள நாற்பது வருஷம் எடுத்தது யாருடைய தப்பு?

அந்த வடிகட்டியைத் திட்டமிட்ட இன்ஜினியர் யார் தெரியுமா? மேயர். கிடங்கு நகரத்தைக் கட்டிய அதே ஃபிரான்ஸ் ஆந்திரேயாஸ் மேயர்.

எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான். திறமை இல்லாமல் இல்லை. அதே ஊர், அதே அலுவலகம், அதே ஆள். சரக்குக்கு ஐந்து வருஷத்தில் ஒரு நகரமே எழுந்தது. தண்ணீருக்கு மணல் நிரப்பிய தொட்டி எழவில்லை.

இதை நான் வெளியில் நின்று தீர்ப்பு சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் வேலை பார்த்த ஒரு டீமில் பேக்கப்பை உண்மையிலேயே மீட்டெடுக்க முடியுமா என்று சோதிக்க ஒரு டிக்கெட் இருந்தது. ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் நானே கை வைத்து அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளினேன். புது ஃபீச்சர் என்றால் டெமோவில் காட்டலாம், கைத்தட்டல் கிடைக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதை எந்த டெமோவில் காட்டுவது? ஒருநாள் டேட்டா போனது, பேக்கப் திறக்கவில்லை. எங்களுக்கு இரண்டு நாள் வேலை போனதோடு முடிந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் தள்ளிப்போட்ட மனசு ஒன்றுதான்.

ஐந்தாவது நிறுத்தம்: கெங்கஃபியர்டல், சந்துக் குடியிருப்பு

நகர மன்றத்திலிருந்து ஏரிக்கரையோரமாக யுங்ஃபர்ன்ஷ்டீக், கென்ஸமார்க்ட் வழியாக வாலன்டீன்ஸ்காம்ப்புக்கு நடங்க. கால் மணி நேரம் ஆகும். உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில் சுவரெல்லாம் ஓவியமாகப் பழைய வீடுகள் சில நிற்கும். ஒரு காலத்தில் ஊர் பூராவும் இருந்த சந்துக் குடியிருப்புகளில் மிச்சம் இவ்வளவுதான். 2009 ஆகஸ்டில் கலைஞர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்ததால் இடிக்காமல் தப்பியது.

சந்துக்குள் போய் நின்று பாருங்க. இரண்டு கையை நீட்டினால் சுவர் தட்டும் அகலத்தில் வழிகள் இருந்தன. வெளிச்சம் இல்லாத உள்முற்றங்கள், பல குடும்பத்துக்கு ஒரே கழிவறை. பெர்லினிலிருந்து வந்த ராபர்ட் கோக் இந்தச் சந்துகளைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன் என்று சொன்னதாகப் பதிவு. கோக் யாரென்றால், 1884-ல் நம்ம கல்கத்தாவில் நோயாளிகளையும் குளத்துத் தண்ணீரையும் ஆராய்ந்து, காலராவுக்குக் காரணமான கிருமியை உறுதிப்படுத்தியவர். ஆக 1892-ல் விஷயம் தெரிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்படியும் ஹாம்பர்க் அதிகாரிகள் தயங்கினார்கள். ‘காலரா’ என்று வாயால் சொன்னால் உலகமே இந்தத் துறைமுகத்துக்குக் கதவைச் சாத்தும். ஆகஸ்ட் 17-ல் மொராவியா என்ற கப்பல் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் 22 பேர் இறந்திருந்தார்கள். இன்னொரு பக்கம், மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற பெரிய அறிவியலாளர், கிருமி மட்டும் போதாது, மண்ணின் தன்மைதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்தை மூட வேண்டாம் என்று சொல்கிற கொள்கை வணிகர்களுக்கு இனிக்காமல் இருக்குமா? அந்த அக்டோபரில் அவர் தன் கொள்கையை நிரூபிக்கக் காலராக் கிருமியைக் குடித்தே காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். ஹாம்பர்க்கில் எட்டாயிரம் பேர் தப்பவில்லை.

யார் அதிகம் செத்தார்கள்? குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வசதியான வீட்டில் கொதிக்க வைக்க விறகும் வேலைக்காரப் பெண்ணும் இருந்தார்கள். ஊரைவிட்டுப் போக வேறு வீடும் இருந்தது. இந்தச் சந்துகளில் இரண்டும் இல்லை. ஏழைகள் பணக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். இறந்தவர்களை இரவோடு இரவாக ஓல்ஸ்டார்ஃப் மயானத்தில் மொத்தமாகப் புதைத்தார்கள்.

1888-ல் கிடங்குக்காக வீடு போனவர்களும் 1892-ல் இறந்தவர்களும் அதே ஆட்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் முதல் சம்பவம் இந்தச் சந்துகளை நெருக்கியது, இரண்டாவது சம்பவம் இதே சந்துகளுக்குள் வந்தது. நடுவில் நாலு வருஷம்.

பிறகு சந்துகளை இடித்தார்கள். சுகாதாரம் ஒரு காரணம். 1896-97 துறைமுக வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் கூடும் இடம் கண்ணில் உறுத்தியது இன்னொரு காரணம். கொஞ்சம் முன்னால் நாம் நடந்து வந்த கடைவீதியும், சிலி ஹவுஸ் நிற்கும் வட்டாரமும் அப்படிக் காலி செய்த இடங்கள்தான். அங்கே குடியிருந்தவர்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

ஆறாவது நிறுத்தம்: ஷுல்டர்பிளாட்

கடைசி நிறுத்தம். தெம்பு இருந்தால் நடங்க, இல்லன்னா ரயிலில் ஸ்டெர்ன்ஷான்ஸ நிலையத்தில் இறங்கலாம். ஷுல்டர்பிளாட் ஒரு சாதாரணத் தெரு. கஃபே, சைக்கிள், போஸ்டர் ஒட்டிய சுவர், இளைஞர் கூட்டம். சுற்றுலாப் புத்தகம் இங்கே காபி குடிக்கச் சொல்லும். நான் கொஞ்ச நேரம் நடுவில் நிற்கச் சொல்வேன்.

1892-ல் ஹாம்பர்க்கின் எல்லை இந்தத் தெருவோடு ஓடியது. அந்தப் பக்கம் ஆல்ட்டோனா. முதலில் டென்மார்க்கிடமும் பிறகு பிரஷ்யாவிடமும் இருந்த தனி நகரம். 1937-ல்தான் ஹாம்பர்க்கோடு சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலை, ஒரே மண், ஒரே காற்று. குழாய் மட்டும் வேறு.

ஆல்ட்டோனாவும் எல்பேயிலிருந்துதான் தண்ணீர் எடுத்தது. அதுவும் ஹாம்பர்க்குக்குக் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடை முழுக்க ஆற்றில் கலந்த பிறகு. பார்த்தால் ஆல்ட்டோனாக்காரர்கள்தான் செத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் 1859-லிருந்தே மணல் வடிகட்டி வைத்திருந்தார்கள். மணல் படுகை வழியாகத் தண்ணீர் மெதுவாக இறங்கும். மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஒரு உயிர்ப்படலம் உருவாகும். அந்தப் படலமும் மணலும் சேர்ந்து கிருமிகளைப் பிடித்து நிறுத்திவிடும். 1859-ல் கிருமி என்ற பேச்சே இல்லை. தண்ணீர் தெளிவாக வரட்டும் என்று வைத்தார்கள். காரணம் தெரியாமலே சரியான வேலையைச் செய்தார்கள்.

கணக்கைப் பாருங்க. ஹாம்பர்க்கில் ஆயிரத்துக்கு 13 பேர் இறந்தார்கள். ஆல்ட்டோனாவில் ஆயிரத்துக்கு 2 பேர், மொத்தம் 328. அதிலும் பலருக்கு ஹாம்பர்க்குக்கு வேலைக்குப் போன இடத்தில்தான் தொற்று. கோக் வீடு வீடாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். காலரா நகர எல்லை வரை வந்து, அங்கேயே நின்றது. நடுவில் ஒரு விதிவிலக்கு: ஹாம்பர்க் பக்கத்தில் சில நூறு தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் மட்டும் காலரா இல்லை. விசாரித்தால், அந்த இடத்துக்கு மட்டும் ஆல்ட்டோனாவிலிருந்து குழாய் போயிருந்தது.

இவ்வளவு சுத்தமான சோதனையை எந்த ஆய்வகத்திலும் யாராலும் வைத்திருக்க முடியாது. வைத்திருக்கவும் கூடாது. ஆனால் ஒரு நகர நிர்வாகம் செலவைத் தள்ளிப்போட்டே அந்தச் சோதனையை நடத்திவிட்டது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பீப்பாய் வண்டிகளில் கொதிக்க வைத்த தண்ணீர் தெருத்தெருவாக வந்தது. 1893 மே மாதமே கால்டஹோஃப வடிகட்டி ஓடத் தொடங்கியது. நாற்பது வருஷம் முடியாதது அடுத்த ஒன்பது மாதத்துக்குள் முடிந்தது. மேயர் அதைக் கட்டிக் கொடுத்தார். 1990 வரை ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. இப்போது மியூசியம். இன்னொரு நாள் இருந்தால் போய்ப் பாருங்க, ஆற்றுக்கு நடுவில் அமைதியான இடம்.

நடை இங்கே முடியுது. கிடங்கு நகரத்தை ரசிக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. நானும் ரசிச்சேன், மறுபடி போனாலும் ரசிப்பேன். பாரம்பரியச் சின்னம் என்று நாம் பார்க்கப் போவதெல்லாம், அந்தந்தக் காலத்தில் யாரோ முன்னுரிமை கொடுத்துக் கட்டிய பொருள். முன்னுரிமை கிடைக்காததற்குக் கோபுரம் இருக்காது, கப்பி இருக்காது, டிக்கெட் கவுன்டர் இருக்காது. ஹாம்பர்க்கில் அதற்கு ஒரு நீரூற்றாவது இருக்கிறது. அங்கே போனால் ஒரு நிமிஷம் நில்லுங்க. செல்ஃபி வேண்டாம்னு தோணினா, போனைப் பையில வச்சிடுங்க.

ஷுல்டர்பிளாட்டில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீர் கேட்டேன். ஒரு சுமாரான கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள் அந்தப் பெண். காசு வாங்கவில்லை. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீஸ் திரும்பிய திங்கட்கிழமை முதல் வேலையாக ஒரு பழைய டிக்கெட்டைத் திறந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.